நீயும் நீரும்

நாரணாபுரத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் புதுச்சேரியில் விடுதியில் தங்கி, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்புவரை பிரெஞ்சு பயின்றோம். மதிப்பெண் எளிதில் கிடைக்கும் என்றே பலர் அம்மொழியைத் தேர்ந்தனர். வினைத்திரிபுகள் காலத்தோடு கரைந்தன. 'தூ', 'வூ' என்னும் இரு சொற்கள் மட்டும் நெஞ்சில் நின்றன. முன்னது நீ, பின்னது நீங்கள். கர்த்தர் கற்பித்த செபத்தில் பிரெஞ்சுக் கத்தோலிக்கர் நெடுங்காலம் இறைவனை 'வூ' என்றே விளித்தனர். 1966 முதல் 'தூ' என்கின்றனர். தமிழில் நாம் 'நீர்' என்கிறோம். நீயின் நெருக்கமும் நீங்களின் மதிப்பும் அச்சொல்லில் ஒருங்கே உறைகின்றன. பட்டாசு ஆலைக்குச் சென்ற மகன் திரும்பும்வரை செபமாலை உருட்டும் எங்கள் ஊர்த் தாய்க்கு அவ்விரண்டுமே தேவை. அயல்மொழி பயின்றபோதுதான் அதனை உணர்ந்தோம்.