சேலத்திலிருந்து விருத்தாசலம் வரை

சேலத்தில் புறப்பட்டு அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு விருத்தாசலம் சேரும் இருப்புப்பாதையில் பிரயாணம் செய்வோர், ஸ்டேஷன்தோறும் மஞ்சள் பலகையில் கடல் மட்டத்திற்கு மேல் அவ்வூரின் உயரம் குறிக்கப்பட்டிருப்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பூமியின் ஆகர்ஷணத்தை அளக்க வருகிறவனுக்கோ உயரமே மூலாதாரம். ஒரு மீட்டர் பிசகினால் கணக்கில் 0.3 மில்லிகால் பிசகிவிடும். ஒரு மில்லிகால் என்பது மொத்த ஆகர்ஷணத்தில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

2002-இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்களும், 2009 முதல் 2013 வரை பெரும்பாலும் சுமார் 255 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிய கோசே என்னும் செயற்கைக்கோளும் உலகம் முழுவதற்கும் ஆகர்ஷணப் படம் வரைந்து தந்தது மகத்தான சாதனையே. ஆயினும் அத்தனை உயரத்திலிருந்து நோக்கும்போது சிறிய பேதங்கள் மங்கி ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. வடக்கே கல்வராயன் மலையும் தெற்கே பச்சைமலையும் காவல் நிற்க, நடுவே வசிட்ட நதி ஓடும் ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு, பூர்வகாலத்தில் பாறைகள் நெரிந்து நகர்ந்த பிளவு மண்டலத்தின் மீது அமைந்தது. அதன் குறுகிய அகலத்துக்குள் நிகழும் ஆகர்ஷண மாற்றத்தைச் செயற்கைக்கோள் தனியே பிரித்தறியாது.

ஆகவே மனிதன் தரையில் இறங்கியே தீரவேண்டும். உயரம் குறித்த மட்டக்கல்லின் அருகே, ஆகர்ஷணத்தை அளக்கும் கிராவிமீட்டரை வைத்து, மூன்று திருகுகளைத் திருப்பி நீர்மட்டக் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து, கண்ணாடி வழியே கோடு நிலைக்கும் வரை காத்திருக்கிறான். சரக்கு வண்டி கடந்தால் அதிர்வில் கோடு துள்ளும். அது அடங்கிய பிறகே அளவு எடுக்கலாம். கருவியின் சுருள்வில் நேரம் செல்லச் செல்லத் தளர்வதால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி மறுபடி அளந்து அந்தத் தளர்ச்சியைக் கழிக்கவேண்டும். ஊசல்களைச் சுமந்து இந்தியாவெங்கும் ஆகர்ஷணம் அளந்து, 1871-இல் லடாக்கின் குளிரில் அப்பணியிலேயே உயிர்நீத்த காப்டன் பஸேவியின் பொறுமை இன்றும் இத்தொழிலுக்கு வேண்டியதாகவே இருக்கிறது.

சின்னசேலத்துக்குக் கிழக்கே மலைகள் விலகி, விருத்தாசலத்தை அடுத்துப் படிவுப் பாறைகள் தொடங்குகின்றன. இங்கே ஜி.பி.எஸ். கருவி காட்டும் மூல உயரம் பூஜ்யத்துக்கும் கீழே! இலங்கைக்குத் தெற்கே, ஜி.பி.எஸ். உயரத்துக்கு அடிப்படையான நீள்வட்டக் கோளம் என்னும் கணித வடிவத்தைவிடக் கடல் மட்டம் சுமார் 106 மீட்டர் தாழ்ந்திருக்கும் பெரும்பள்ளத்தின் விளிம்பு தமிழகத்தையும் தழுவுவதே காரணம். சேலத்தில் பூஜ்யத்துக்கு மேலிருந்த அந்த எண் இப்பாதையிலேயே ஓரிடத்தில் பூஜ்யத்தைக் கடக்கிறது. தரையில் மட்டம் பிடித்துக் கண்ட உயரத்தை ஜி.பி.எஸ். உயரத்தினின்று கழித்து, மிச்சத்தைச் செயற்கைக்கோளின் ஆகர்ஷணப் படத்திலிருந்து கணிக்கும் கடல் மட்டத் தாழ்வோடு ஊர் ஊராக ஒப்பிட்டால், படம் எவ்விடத்தில் மெய்யாகிறது, எவ்விடத்தில் வழுவுகிறது என்பது தெரிந்துவிடும்.