மாட வீதியில் ஓர் அறை

புதன், இரவு

"கச்சேரியா, கல்யாணமா, ஆஸ்பத்திரியா சார்?" பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு லாட்ஜ்காரர் கேட்டார். மயிலாப்பூரில் வெளியூர்க்காரன் அறை எடுக்க நான்காவது காரணம் எதுவும் அவர் கணக்கில் இல்லை. சும்மா ஊர் பார்க்க என்றேன். "அப்ப எக்மோர்லயே எடுத்திருக்கலாமே, எல்லாத்துக்கும் பஸ் கெடைக்கும்" என்றபடி ஆதாரை நகலெடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

பழைய நகர்ப்பகுதிகளில் தங்கிப் பார்க்கத் தகுந்த இடங்கள் பற்றி ஆசிரியர் கட்டுரை கேட்டிருக்கிறார். புதுச்சேரி என்று சொல்லியிருந்தால் ஒரு மாலையில் எழுதி முடித்திருப்பேன். அங்கே பிரெஞ்சுத் தெருக்களின் வீடுகள் பல, விடுதிகளாகிவிட்டன. கானாடுகாத்தான் பக்கம் நகரத்தார் வீடுகளில் முகப்பும் வளவும் குலையாமல் இருக்க, வெளிநாட்டார் வந்து தங்குகிறார்கள். சென்னையோ 1639இல் கம்பெனிக்காரர்கள் கோட்டைக்கு இடம் பெற்ற நாளிலிருந்து தன் வயதைச் சொல்லிக்கொள்கிற ஊர். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே சம்பந்தர் பூம்பாவைப் பதிகம் பாடிய இடம் மயிலாப்பூர். இத்தனை வயதான ஊரில் ஒரு பழைய வீட்டுக் கூடத்தில் படுத்து எழுந்திருக்க வழியைக் காணோம். என் அறையில் டைல்ஸ் தரை, டியூப்லைட், ஓடாத ஒரு டி.வி. ஜன்னலைத் திறந்தால் தெற்கு மாட வீதி. அது போதும் என்றுதான் இந்த அறையைக் கேட்டு வாங்கினேன்.

வியாழன், காலை

நாலரைக்கே காய்கறி வண்டிகள் வந்துவிட்டன. மூட்டை தொப்பென்று விழும் சத்தம், எடை போடுகிறவர்களின் குரல், நடுவே ஒரு சைக்கிள் மணி. தூக்கம் போனால் போகட்டும் என்று குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். கபாலீசுவரர் மேற்குப் பார்த்த சந்நிதி; குளமும் அந்தப் பக்கம்தான். கிழக்கே நிற்கும் ராஜகோபுரம் 1906இல் கட்டி முடிந்தது. பழங்கோயில் என்று நாம் அண்ணாந்து பார்க்கும் பகுதி, தெருக்கோடி ரயில் நிலையத்தைவிட ஏதோ தொண்ணூறு வருஷம்தான் மூத்தது. முந்தைய கபாலீச்சரம் கடலோரத்தில் சாந்தோம் பக்கம் இருந்தது, போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தது, இப்போதுள்ளது அதன் பிறகு எழுந்தது என்பதுதான் வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அப்படியானால் இடமே மாறிய கோயில் இது. ஆனாலும் புன்னை மரத்தடியில் மயிலாக நின்று பூசித்த அம்மனைச் சுற்றி வருகிற பாட்டிமார் யாருக்கும் இதில் ஐயம் எழுந்ததாகத் தெரியவில்லை. பழமை கல்லில் இருக்கிறதா, வழக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டால் மயிலாப்பூர் இரண்டாவதன் கட்சி.

குளத்துக்கு இடம் ஆற்காடு நவாப் கொடுத்தது என்றும், அதனால்தான் மொகரத்தின்போது முஸ்லிம்கள் இங்கே வருகிறார்கள் என்றும் சொல்வார்கள்.

காலைப் பலகாரம் ராயர் மெஸ்ஸில். அருண்டேல் தெருவில் சந்துக்குள் ஒளிந்திருக்கிறது. பொங்கலும் வடையும் ஈடு ஈடாக வரும். அடுத்த ஈடு வரும்வரை நிற்க வேண்டியதுதான். அதே தெருவில் பேயாழ்வார் அவதரித்த இடமும் இருக்கிறது. நெய் மணத்தோடு போய்ச் சேவித்தேன். ஆழ்வார் பொறுத்துக்கொள்வார்.

பன்னிரண்டரை மணிக்குத் திரும்பி வரும்போது ஒரு சுற்றுலா வேன் வந்து நின்றது. பெரிய காமிராக்களோடு பத்துப் பதினைந்து பேர். நடை சாத்தியாயிற்று. இனி நான்கு மணிக்குத்தான். வழிகாட்டி கோபுரத்தைக் காட்டிப் பேசினார், படம் எடுத்தார்கள், ஏறிப் போனார்கள். அவர்கள் பார்த்தது கோபுரத்தை. மயிலாப்பூர் காலை ஐந்திலிருந்து பத்து வரையும், மாலை ஐந்துக்கு மேலும்தான் இருக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் அது ஒரு போக்குவரத்து நெரிசல். இங்கே தங்கினால்தான் ஆகும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் எழுதத் தேவையில்லை.

வியாழன், மாலை

வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள் வந்துவிட்டன. புரட்டாசியில் நவராத்திரி முடியும்வரை நடைபாதை அவர்களுடையது. தசாவதாரம், கல்யாண செட், செட்டியார் கடை, கிரிக்கெட் செட் எல்லாம் வைக்கோலுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. பண்ருட்டியிலிருந்து வந்திருக்கும் ஓர் அம்மாவிடம் பேச்சுக்கொடுத்தேன்.

"ராத்திரி எங்கம்மா போவீங்க?"

"எங்கண்ணே போறது? பொம்மைய வுட்டுட்டு? இங்கதான் தார்ப்பாய கட்டிக்கினு. மழ வந்தா பொம்மைக்கு மொதல்ல, மிச்சம் இருந்தா எங்களுக்கு."

அவர் மாமியாரும் இதே இடத்தில்தான் கடை போட்டாராம். ஆசிரியர் கேட்ட பொருளில் மாட வீதியில் 'தங்கி' வருகிற குடும்பம் இவர்களுடையதுதான். கட்டுரையில் இவர்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. விடக்கூடாது என்பது மட்டும் நிச்சயம். ஒரு மரப்பாச்சி ஜோடி வாங்கினேன். பேரம் பேச மனசு வரவில்லை. அவருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வெள்ளி, மதியம்

லஸ் முழுக்க மெட்ரோ வேலைத் தடுப்புகள். எந்தத் தெரு எங்கே திரும்பும் என்று உள்ளூர்க்காரர்களே கேட்டுக்கேட்டு நடக்கிறார்கள். சுற்றிவளைத்து லஸ் தேவாலயம் போனேன். 1516 என்று ஆண்டு சொல்கிறது அங்குள்ள கல்வெட்டு. காடாக இருந்த காலத்தில் கட்டியது, அதனால் காட்டுக் கோயில். உள்ளே நுழைந்தால் வெளியே தோண்டுகிற சத்தம் பாதியாகக் குறைகிறது.

லஸ் சர்ச் சாலையில் ஒரு காலத்தில் வக்கீல்களின் தோட்ட வீடுகள் இருந்தன. வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் இந்த வட்டாரத்தில் உட்கார்ந்துதான் ஊர் விவகாரங்களை நடத்தினார்கள். 1906இல் ஆர்பத்நாட் வங்கி முழுகியதும், மறு ஆண்டே இந்தியன் வங்கி எழுந்ததற்கு முன்னின்றவர் அவர். இன்று அந்தச் சாலையில் எண்ணிப் பார்க்கும் அளவுக்குக்கூடப் பழைய வீடுகள் இல்லை. நாகேஸ்வர ராவ் பூங்கா மட்டும் அமிர்தாஞ்சனம் கண்ட பந்துலுவின் பெயரைச் சுமந்துகொண்டு விசாலமாக இருக்கிறது.

வீடுகள் எங்கே போயின என்பதற்கு விடை கடினமில்லை. மூன்று பிள்ளைகள், அதில் இருவர் அமெரிக்காவில். ஒரு கிரவுண்டு மனை. பில்டர் வருகிறார், ஜாயின்ட் வென்ச்சர் என்கிறார். ஆளுக்கு ஒரு ஃப்ளாட், மேலே ரொக்கம். ஒன்றரை வருஷத்தில் முற்றம் இருந்த இடத்தில் லிஃப்ட் நிற்கிறது. நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். செட்டிநாட்டு வீடு பிழைத்தது அங்கே மனை விலை ஏறாததால். புதுச்சேரி வீடு பிழைத்ததற்கு அரசும் ஆர்வலர்களும் கொஞ்சம் காரணம், அந்த ஊரின் மந்தம் மிச்சக் காரணம். மயிலாப்பூரில் வானம் பார்க்கத் திறந்து கிடக்கும் பத்தடிக்குப் பத்தடி முற்றம், இன்றைய விலைக்கு, நகைக்கடை வாசலில் பாய் விரித்துப் படுப்பதற்குச் சமம். 2010இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி, காக்க வேண்டிய கட்டடங்கள் என்று 467 பட்டியலாயின. 2012இல் மரபுச்சின்ன ஆணையத்துக்குச் சட்டமும் வந்தது. பெரிய கட்டடங்களுக்கு அது ஏதாவது செய்யலாம். திண்ணை வீட்டுக்குப் பட்டியலில் இடம் கிடைத்தாலும் சொத்து வரியை யார் கட்டுவது?

திரும்பும்போது பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடை. வீட்டு ஜன்னல் கம்பி வழியாகத் தட்டை நீட்டி வாங்கிச் சாப்பிட வேண்டும். இங்கே இன்னும் இயங்குகிற பழைய வீடு என்றால் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

வெள்ளி, மாலை

அடையாறு. பிரம்மஞான சபைக்குள் நடக்கப் பார்வையாளருக்குக் காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம்தான் அனுமதி. 1882 டிசம்பரில் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கியும் இங்கே குடிவந்தபோது 27 ஏக்கர் தோட்டம். இன்று அதைப்போலப் பல மடங்கு. பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் விழுந்துவிட்டது. விழுதுகள்தான் இப்போது மரம். லெட்பீட்டர் சேம்பர்ஸ் என்ற பழைய மாளிகையில் தங்கலாம், ஆனால் அது சபை அங்கத்தினர்களுக்கு. ஆக, சென்னையில் பழைய கட்டடத்தில் தூங்க ஒரு வழி பிரம்மஞானியாவது. இன்னொன்று கிளப் உறுப்பினராவது.

1884இல் இங்கே சபை மாநாடு முடிந்ததும், மயிலாப்பூரில் திவான் பகதூர் ரகுநாத ராவ் வீட்டில் 17 பேர் கூடிப் பேசினார்கள், காங்கிரசுக்கு வித்து அதுதான் என்று அன்னி பெசன்ட் எழுதிவைத்தார். சபைக்காரர் சொல்வதால் பாதி தள்ளுபடி செய்தாலும், அடுத்த ஆண்டு பம்பாயில் காங்கிரசைத் தொடங்கிய ஹ்யூமும் பிரம்மஞான சபையில் இருந்தவர்தான்.

சனி

தி. நகர் பழைய ஊர் அல்ல, நூறு வயதுப் பிள்ளை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை மவுண்ட் ரோட்டின் மேற்கே நீண்டு கிடந்த ஏரியை 1920களில் தூர்த்துப் பெற்ற மனை. நீதிக்கட்சி ஆட்சி அது. தியாகராயர் பெயர் நகருக்கு, பனகல் அரசர் பூங்காவுக்கு, உஸ்மானும் டி. எம். நாயரும் சாலைகளுக்கு, நடேசனார் இன்னொரு பூங்காவுக்கு, சௌந்தரபாண்டியனார் பாண்டி பஜாருக்கு. கட்சிக் கூட்டமே தெருத்தெருவாக நிற்கிறது. அதன் நடுவே ஜனங்கள் புடவை வாங்குகிறார்கள். ஏரி மட்டும் தன் இடத்தை மறக்கவில்லை. 2015இலும் 2021இலும் வந்து பார்த்துவிட்டுப் போனது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்று ஒன்று, காட்ட ஏரியில்லாமல் இன்னும் இருக்கிறது.

ரங்கநாதன் தெருக் கும்பலைத் தவிர்த்துத் திருமலைப் பிள்ளை சாலைக்கு நடந்தேன். காமராசர் நினைவில்லம். ஒன்பது ஆண்டு முதலமைச்சர், இரண்டு பிரதமர்கள் பதவியேற வழிசெய்தவர், 1975 அக்டோபர் 2 அன்று கண்மூடும்வரை வாடகைக்கு இருந்த வீடு. அவர் புழங்கிய பொருள்கள் இருக்கின்றன. எனக்கு முன்னால் விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. பெரியவர் பேரனிடம், "செருப்பக் கழத்துலே, இது கோயில் மாதிரி" என்றார். பையன் கழற்றினான். நானும் கழற்றினேன்.

ஞாயிறு

சாந்தோம் தேவாலயத்தில் பூசைக் கூட்டம். தோமையார் கல்லறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். இப்போதைய கோதிக் கட்டடம் 1896இல் முடிந்தது. இங்கேயும் கட்டடத்தைவிட இடம்தான் மூத்தது.

மாலை கதீட்ரல் சாலை, சோழா ஓட்டல். இந்த இடத்தில் நின்ற வீட்டில்தான் 1919 மார்ச்சில் காந்தி தங்கினார். 'இந்து' கஸ்தூரிரங்க ஐயங்காரின் வீடு. சேலத்திலிருந்து வந்த ராஜாஜி குடியிருந்தார். ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடெங்கும் கடையடைப்பு என்ற எண்ணம் காந்திக்கு ஒரு விடிகாலையில் இங்கே தோன்றியது. பாரதி கேட்டுக் கேள்வியில்லாமல் உள்ளே வந்து, கடற்கரைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க முடியுமா என்று காந்தியைக் கேட்டதும், அவருக்கு நாள் ஒத்துவராததால் வந்த வேகத்தில் வெளியேறியதும் இங்கேதான் என்று வ.ரா. எழுதியிருக்கிறார். எல்லாம் போய்விட்டது, கண்ணாடிக் கதவு நிற்கிறது. ஆனால் ஆசிரியர் கேட்டது கிடைத்துவிட்டது: வரலாறு நடந்த மனை, தங்கலாம், கடனட்டை இருந்தால். நான் ஒரு காபி குடித்தேன். மாட வீதிக் காபிக்குப் பக்கத்தில் வைக்க முடியாது, விலையில் மட்டும் பத்து மடங்கு.

'தங்குமிடம்' என்று ஒரு பெட்டிச் செய்திக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அதில் இப்படி எழுதப்போகிறேன்: வசதி வேண்டுவோருக்கு ராதாகிருஷ்ணன் சாலையில் நியூ உட்லண்ட்ஸ், மற்றவர்களுக்கு மாட வீதிகளைச் சுற்றி எந்த லாட்ஜானாலும் சரி. வீதியைப் பார்த்த அறையாகக் கேளுங்கள், ஏ.சி. இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நவராத்திரிக்கு முன் வாரமானால் முன்பதிவு அவசியம். செக்-அவுட் 24 மணிக் கணக்கா என்று விசாரித்துக்கொண்டு, மாலை நான்குக்கு மேல் வந்து இறங்குங்கள்.