கொம்புத் திருக்கையும் குண்டுகரிச்சானும்

அடுத்த மாசம் ஆன்சைட் கிளம்பணும். அதுக்கு முன்னாடி அப்பாவோட முக்கொம்பு போயிருந்தேன். காவிரியிலேர்ந்து கொள்ளிடம் பிரியற இடம். பூங்கா மரத்துல ஒரு குண்டுகரிச்சான் விடாம பாடிக்கிட்டிருந்தது.

கொம்புன்னதும் எனக்குக் கொம்புத் திருக்கை ஞாபகம் வந்தது. காலேஜ் டூர்ல, ஒரு மீன்பிடித் துறைமுகத்துல பார்த்தது. வயித்தைக் கீறினா உள்ளே ஒரே ஒரு குட்டி.

கரிச்சான் பொந்துல 4-5 முட்டை வைக்கும். ரெண்டு வாரத்துல குஞ்சு. பாம்பு தின்னுட்டாலும் மறுபடி முட்டை வைக்கலாம். கொம்புத் திருக்கை கிட்டத்தட்ட ஒரு வருஷம் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும். ஒரு வலையில போனா அவ்வளவுதான்.

அப்பாகிட்ட இதைச் சொன்னேன். "நீயும் ஒத்தைப் புள்ளதான்டா"ன்னுட்டு தண்ணியைப் பார்க்க ஆரம்பிச்சிட்டார்.

அந்தத் திருக்கை பக்கத்துல சிரிச்சிக்கிட்டே நின்னு எடுத்த போட்டோ இன்னும் என் ஆல்பத்துல இருக்கு.