மொறிஸ் மைனரும் ஒரு கையொப்பமும்

பழைய மோட்டார் வண்டியொன்றை வாங்கிப் புதுக்கி ஓட்டுதல் மேனாட்டில் ஒரு கலையாகவே மதிக்கப்படுகின்றது. 1964இல் வெளிவந்த போர்ட் மஸ்ராங் போன்ற பெருவலு வண்டிகளை அமெரிக்கர் தேடிப்பிடித்து, தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் அவை எவ்வாறிருந்தனவோ அவ்வாறே ஆக்கிவிட முயல்வர். முல்லைத்தீவு மண்ணில் இத்தகைய ஆசைக்கு இடமுண்டோ என நண்பர் சிலர் வினவினர். உண்டு. ஆயின் இங்கு அவ்விடத்தை வகிப்பது மஸ்ராங் அன்று. 803 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடன் மூச்சுவாங்கி ஓடும் மொறிஸ் மைனர்.

என் தாய்மாமன் முள்ளியவளையில் சிறிய கராஜ் ஒன்றை நடத்துபவர். 2021இல் ஒட்டுசுட்டான் பக்கத்தில், ஒரு வளவின் மாமரத்தடியில் நின்ற மொறிஸ் ஒன்றை அவர் விலை பேசினார். ரயர் நான்கும் இல்லை, பற்றறி இல்லை, பின்கதவில் ஷெல் சிதறல் பாய்ந்த துளைகள் மூன்று. 2008இன் இறுதியில் ஊரே இடம்பெயர்ந்தபோது எரிபொருளின்றிக் கைவிடப்பட்டு, மீள்குடியேறியோர் திரும்பியபோது அதே இடத்தில் நின்ற வண்டி அது. புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியோரத்தில் எரிந்த வாகனங்கள் குவிந்து கிடந்ததைச் சிறுவனாயிருந்தபோது கண்டவன் யான். அக்குவியலில் சேராது ஒரு வண்டி தப்பியதே எனக்கு வியப்பாயிருந்தது.

மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், துருக்கியின் சிமேர்ணா நகரிற் பிறந்தவர். 1948இல் இலண்டனில் அறிமுகமான இவ்வண்டி, பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதல் பிரித்தானியக் கார் என்னும் பெருமையைப் பெற்றது. எங்கள் வண்டி 1952க்கும் 1956க்கும் இடைப்பட்ட வகையைச் சார்ந்தது. இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகளே உள்ளன; 1957, 1958ஆம் ஆண்டுகளில் எத்தனையோ கிளர்ச்சிகளுக்குக் காரணமான 'ஸ்ரீ' எழுத்து இதன் நெற்றியில் ஏறவில்லை.

இவ்வகைக் கார்கள் வடபுலத்தில் நிலைத்தமைக்குப் பலர் கூறும் காரணம் உறுதி. யான் அதனை முழுமையாக ஏற்கேன். 1990இல் மீண்டும் போர் மூண்டபின் பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. 2002இன் போர்நிறுத்தம் வரை அந்நிலை பெரிதும் நீடித்தது. அக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடக்கூடிய வண்டியே வண்டி. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சேலைன் போத்தல் ஒன்றில் சிறிதளவு பெற்றோலை நிரப்பி, அதன் குழாயைக் காபரேற்றருடன் இணைத்து, அதைக்கொண்டு எஞ்சினை இயக்குவர். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மொறிஸின் எஞ்சினிற் புகை வெளியேறும் குழாயும் எரிபொருட்கலவை உட்செல்லும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டியிருப்பதால், அச்சூடு மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவியது. அழுத்த விகிதம் குறைவாயிருந்தமையால் இழிந்த எரிபொருளையும் அது ஒருவாறு தாங்கிக்கொண்டது. புத்தம்புதிய யப்பானியக் கார் இதற்கு உடன்படுமா? போர்க்கால வன்னியிற் பழைமையே தகுதியாயிற்று. இம்முறை முற்றிலும் புதியதுமன்று. 1949 முதல் பேர்கசன் உழவு இயந்திரங்களுள் ஒருவகை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடுமாறே செய்யப்பட்டிருந்தது.

விலையின்றி இவ்வுதவி கிட்டவில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஒயில் தாங்கிகளைக் காவாது. எஞ்சினை நாங்கள் பிரித்தபோது தாங்கிகள் செம்புநிறம் தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தன. மாமா அவற்றை விரல் நுனியால் தடவிப் பார்த்து, "இது ஆஸ்பத்திரி ஓட்டம் ஓடின எஞ்சின்" என்றார். நோயாளரையும் பிள்ளைப்பேற்றுக்கு உரியோரையும் ஏற்றிச் சென்ற வண்டி அதுவென்பதை விற்றவர் பின்னரே எங்களுக்குக் கூறினார்.

உதிரிப் பாகங்களுக்காகக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு இருமுறை சென்றோம். அங்குதான் ஒரு செய்தி அறிந்தேன். 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையத்தாரின் முயற்சியால், தென்னிலங்கையில் இக்காரின் உடற்றகடுகள் செய்யப்பட்டு பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாயின. ஒரே தீவின் ஒருபுறத்தில் ஆங்கிலேயரின் நினைவேக்கத்துக்குத் தகடு அடிக்கப்பட, மறுபுறத்தில் அதே கார் சேலைன் குழாயில் உயிர் பிழைத்தது.

யப்பானிய டீசல் எஞ்சினைப் பொருத்திவிடும்படி பலர் அறிவுரை கூறினர். மாமா இணங்கவில்லை. கதவின் துளைகளை மூடினார், தரைத்தகட்டை ஒட்டினார். ஆனால் எஞ்சினருகே சேலைன் போத்தலைத் தொங்கவிடக் கம்பியால் வளைத்திருந்த கொளுவியை அவர் அகற்றவில்லை. தொழிற்சாலை நிலைக்கு மீட்பதே இலட்சியமெனின் அது நீங்கவேண்டிய பொருள். கேட்டபோது, "அது அந்த மனுசன் செய்தது" என்று மட்டும் சொன்னார்.

2022இன் எரிபொருள் நெருக்கடி வேலையை நிறுத்தியது. கார்களுக்கு வாரம் 20 லீற்றர் என வரையறுத்த கியூ.ஆர். முறையிற் பதிவுசெய்யச் சேஸிஸ் இலக்கம் வேண்டியிருந்தது. ஓடாத வண்டிக்கு அதனால் யாது பயன்? மண்ணெண்ணெயை நினைத்தாலோ, அவ்வாண்டு ஓகஸ்ற்றில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. கடற்றொழிலாளர் படகுகளைக் கரையேற்றியிருந்த நாள்களில் எங்கள் மொறிஸைப் பற்றிப் பேசுவதே கூச்சமாயிருந்தது.

2023இல் எஞ்சின் இயங்கியது. எனினும் வண்டி இன்னும் எங்களுடையதன்று. பதிவேட்டில் உள்ள பெயர், விற்ற அம்மையாரின் கணவருடையது. உரிமை மாற்றப் படிவத்தில் அவரது கையொப்பம் வேண்டும். 2009 மே மாதத்துக்குப் பின் அவரைக் கண்டவர் இலர். மரணச் சான்றிதழ் பெற்றால் மாற்றம் எளிதாகும் எனத் தரகர் ஒருவர் யோசனை கூறினார். அம்மையார் அதற்கு உடன்படவில்லை. இறந்தாரெனக் கூறாது, காணாமற்போனாரெனச் சான்றளிக்கும் முறையொன்றை 2016இன் சட்டத்திருத்தம் ஏற்படுத்தியது. அதனைப் பெறவும் அவருக்கு மனமில்லை. "கார் ஓடட்டும் தம்பி. கையெழுத்து அவர் வந்து வைப்பார்" என்று மாமாவிடம் சொன்னாராம்.

சட்டம் பயில்வோர் இதனை ஒரு சிக்கலாகக் கருதி விடை காண முற்படலாம். மாமா முற்படவில்லை. பேசிய பணத்திற் பாதியைக் கொடுத்துவிட்டார். மீதியைக் கையொப்பத்தின் பின் கொடுப்பதாகக் கொப்பித் தாளில் எழுதி இருவரும் வைத்திருக்கின்றனர். பெற்றோலிலேயே ஓடும் அவ்வண்டியை ஞாயிற்றுக்கிழமைகளில் இயக்கிப் பற்றறிக்கு மின்னேற்றுகிறார். விடுமுறையில் நான் சென்றால், கராஜ் வாசல்வரை ஓட்ட அனுமதி கிடைக்கும்.