கடைமடை நடைபாதைக்கு ஒரு பெயர்

காரைக்காலில் கடற்கரைக்குப் போகும் சாலை அரசலாற்றை ஒட்டியே போகிறது. மாலையில் காற்று வாங்க வருகிறவர்களும், காலையில் சர்க்கரையைக் குறைக்க நடப்பவர்களும் நம்பியிருப்பது இந்தக் கரையைத்தான். இந்த நடைவழிக்குப் பெயர் சூட்டுவதானால், இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வாரின் பெயரே பொருந்தும் என்பது என் கட்சி. நினைவுச் சின்னங்கள் நம்மிடம் ஏற்கெனவே ஏராளம். இன்னொன்று சேர்வதால் லாபமில்லை. ஆனால் ஊருக்குள் ஓடும் கடைசி இரண்டொரு கிலோமீட்டரை மட்டும் ஆறு என்று எண்ணும் பழக்கத்தை இந்தப் பெயர் கேள்வி கேட்கும். ஆற்றின் போக்கிலேயே நடந்து பார்த்தால் அது விளங்கும்.

காவிரியிலிருந்து பாபநாசம் வட்டாரத்தில் பிரிகிறது அரசலாறு. தாராசுரத்தைத் தொட்டு, கும்பகோணத்துக்குத் தெற்கே ஓடி, பழைய பெயரான அரிசிலைத் தன் பெயரில் வைத்திருக்கும் அரிசிற்கரைப்புத்தூரையும், பூந்தோட்டம், கூத்தனூர் பக்கத்தையும் கடந்து காரைக்கால் எல்லைக்குள் நுழைகிறது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை வழக்கம்போல் ஜூன் 12இல் திறந்தாலும், கல்லணையைத் தாண்டி ஒவ்வொரு மதகிலும் பங்கு பிரிந்து மிஞ்சியதுதான் இங்கே வந்து சேரும். 2007இல் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டிஎம்சி. 2018இல் உச்ச நீதிமன்றமும் அந்த அளவைத் தொடவில்லை. தண்ணீர் குறைந்தால் கடைமடைக்குக் கடைசிப் பங்கு. மழை கொட்டினால் மேலே வடிந்ததெல்லாம் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். வரத்து குறையும் மாதங்களில் முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன்பிடிப் படகுகள் தடுமாறும். உப்புநீர் ஆற்றில் மேலேறும். ஆகவே நடைபாதையின் ஓரத்தில் தெரியும் தண்ணீரின் தரமும் அளவும் அந்தப் பாதையைப் போட்டவர் கையில் இல்லை.

நம்மாழ்வார் 1938இல் பிறந்த இளங்காடு, இதே காவிரி டெல்டாவின் தலைமடைப் பகுதியில், திருக்காட்டுப்பள்ளி பக்கம் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, கோவில்பட்டி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தவர், அங்கே நடந்த ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்கு உதவாது என்று கண்டு வேலையை விட்டார். 2004 சுனாமியில் நாகை மாவட்ட வயல்களில் உப்பேறியபோது, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரங்களையும் உப்பைத் தாங்கும் பாரம்பரிய நெல்லையும் கொண்டு மண்ணை மீட்க விவசாயிகளோடு நின்றார். அதே அலை காரைக்கால் கரையையும் அடித்தது. நிலத்தடியிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக டெல்டா ஊர்களில் பேசிக்கொண்டிருந்த நாட்களிலேயே, 2013 டிசம்பர் 30இல் காலமானார். அந்த எதிர்ப்பின் தொடர்ச்சியாக 2020இல் தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றியது. ஆனால் சுற்றிலும் தமிழ்நாடும் கிழக்கே கடலுமாக இருக்கும் காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் துண்டு. அந்தச் சட்டம் எல்லைக்கல்லோடு நின்றுவிடுகிறது. எண்ணெய், எரிவாயு எடுக்கும் ஓஎன்ஜிசியின் காவிரிப் பிரிவு (Cauvery Asset) இயங்குவதும் காரைக்காலிலிருந்துதான். ஒரே ஆறு, ஒரே மண், இரண்டு சட்டம். அவர் பெயர் இங்கே வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

அவர் காரைக்கால்காரர் இல்லையே என்று கேட்கலாம். 1954 வரை பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த ஊருக்குத் தனி வரலாறு உண்டு, தனக்கென்று பெரியவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தண்ணீரைப் பொறுத்தவரை காரைக்கால் ஒருநாளும் தனி ஊராக இருந்ததில்லை. காலாற நடக்கிற இடத்தில் அரசியல் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. எண்ணெய்த் தொழில் பல வீடுகளில் அடுப்பு எரிய வைக்கிறது என்பதும் உண்மை. அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் 1962இல் பூச்சிக்கொல்லிகளைப் பற்றி எழுதியபோது ரசாயனத் தொழில் அவரைக் கடுமையாகத் தாக்கியது. இன்று அவர் பிறந்த பென்சில்வேனியாவில் ஒரு நீண்ட நடைவழிக்கு அவர் பெயர்தான். அதில் நடக்கிறவர் எல்லோரும் அவர் சொன்னதை ஏற்க வேண்டியதில்லை. அந்த விவாதம் நடந்தது என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

கனமான மறுப்பு வேறொன்று: பெயர்ப்பலகை வைத்துவிட்டு வேலையை மறப்பதுதானே நம் வழக்கம்? உண்மைதான். அதனால்தான், கேட்டால் கணக்குக் காட்ட வேண்டிய பெயராக அது இருக்க வேண்டும் என்கிறேன். நம்மாழ்வார் பெயரை வைத்த கரையில் சிமென்ட் பாவிய தளம் மட்டும் இருந்தால் பார்ப்பவர் சிரிப்பார்கள். மண் கரையில் புங்கனும் பூவரசும், முகத்துவாரத்தில் அலையாத்தியும், ஆகாயத்தாமரை அகற்றிய நீரும், சாக்கடை கலக்காத வாய்க்கால்களும் இருந்தால்தான் பெயர் நிற்கும். இது ஆகாத காரியமும் இல்லை. 2019இல் 'நம் நீர்' திட்டத்தில் மாவட்ட நிர்வாகமும் மக்களும் சேர்ந்து காரைக்கால் குளங்களைத் தூர்வாரியிருக்கிறார்கள். குளம் ஓர் எல்லைக்குள் அடங்கும், ஆறு அடங்காது; ஆகவே அடுத்த வேலையைத் திருவாரூர், தஞ்சை மாவட்டங்களோடு பேசித்தான் செய்ய முடியும். அந்தப் பேச்சைத் தொடங்கத் தயாராக இருந்தால் மட்டும் காரைக்கால் இந்தப் பெயரை எடுத்துக்கொள்ளட்டும்.