மெத்தில் ஆரஞ்சு போதும் என்றேன்

மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தியவன் நான். அமில-காரத் தரம் பார்த்தலின் வளைகோடு எனக்கே புரியாமல் பல ஆண்டுகள் அந்தப் பாடத்தை எடுத்தேன். புரியவில்லை என்பதை மாணவர்களிடம் மறைத்தேன். அவர்கள் கண்ணால் கண்டதைத் தப்பு என்று சொன்னேன். இதில் எதையும் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

நான் செய்ததெல்லாம் கரும்பலகையில் ஓர் அட்டவணை போட்டதுதான். அமிலமும் காரமும் வலிமை மிகுந்தவை என்றால் எந்த நிறங்காட்டியும் ஆகும். அமிலம் மட்டும் வலிமை குறைந்தது என்றால் பினாப்தலீன். காரம் மட்டும் வலிமை குறைந்தது என்றால் மெத்தில் ஆரஞ்சு. இதை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வந்துவிடும். ஏன் என்று யாராவது கேட்டால், "நடுநிலை ஆனதும் பி.எச். 7, அங்கே நிறம் மாறும்" என்பேன். மெத்தில் ஆரஞ்சு 3.1-இல் மாறத் தொடங்கி 4.4-இல் முடித்துவிடுகிறது. பினாப்தலீன் 8.3-ஐ ஒட்டித்தான் இளஞ்சிவப்பைக் காட்டவே ஆரம்பிக்கிறது. இரண்டில் எதுவும் 7-இல் மாறுவதில்லை. இந்த எண்களையும் நான்தான் எழுதிப்போட்டேன். என் பதிலோடு அவற்றைச் சேர்த்து ஒருநாளும் யோசிக்கவில்லை.

ஒரு செய்முறை வகுப்பில் அசிட்டிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்க்க வேண்டியிருந்தது. பினாப்தலீன் தீர்ந்துபோயிருந்தது. ஆய்வக உதவியாளர் தயங்கினார். "மெத்தில் ஆரஞ்சு போதும்" என்றேன். இரண்டு கரைசலுமே ஏறத்தாழ 0.1 மோலார், பிப்பெட்டில் எடுத்தது 25 மி.லி. அமிலம். பியூரெட்டிலிருந்தும் 25 மி.லி.க்கு அருகில் இறங்கியிருக்க வேண்டும். பிள்ளைகளோ 3 என்றார்கள், 5 என்றார்கள், 7 என்றார்கள். ஒரு மாணவி மட்டும் அளவைச் சொல்லாமல் கேட்டாள்: "சார், நிறம் சட்டுனு மாறல. ஆரம்பத்துலேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கிட்டே வருது. எங்க நிறுத்துறது?"

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், கவனம் போதாது என்று எல்லார் முன்னாலும் அவளைக் கடிந்துகொண்டேன். பிறகு, வரவேண்டிய அளவை நானே கணக்கிட்டு, அதை எல்லாரையும் ரெக்கார்டு நோட்டில் எழுதவைத்துக் கையெழுத்தும் போட்டேன்.

பின்னொரு விடுமுறையில் ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் பி.எச். கணக்கிட்டு வரைபடத்தாளில் புள்ளி வைத்தேன். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு 24.95 மி.லி.யில் பி.எச். 4, 25.05 மி.லி.யில் 10. இடையில் இருப்பது இரண்டு துளி. அந்த இரண்டு துளியில் கோடு ஆறு அலகு செங்குத்தாக ஏறிவிடுகிறது. அங்கே எந்த நிறங்காட்டியைப் போட்டாலும் பிழை பெரிதாகாது. அட்டவணையின் முதல் வரிக்குக் காரணம் இதுதான்.

அசிட்டிக் அமிலத்தின் கோடு வேறு. 2.9-இல் தொடங்கி, சற்றே ஏறி, பிறகு நெடுந்தூரம் கிட்டத்தட்டப் படுத்தே போகிறது. பாதி அமிலம் நடுநிலையான 12.5 மி.லி.யில் பி.எச். 4.76தான். அசிட்டிக் அமிலமும் அதன் அசிட்டேட்டும் சேர்ந்து, விழும் காரத்தையெல்லாம் தாங்கிக்கொள்கின்றன. மெத்தில் ஆரஞ்சின் நிறமாற்றம் முழுவதும் இந்தச் சரிவுக்குள் அடங்கிவிடுகிறது: முதல் மில்லிலிட்டர் முடியுமுன் தொடங்கி, ஏறத்தாழ ஏழரை மி.லி.யில் முழு மஞ்சள். அந்த மாணவி சொன்னதும் இதைத்தான். மற்றவர்கள் சொன்ன 3, 5, 7 எல்லாமே அந்த நிறமாற்றத்தின் ஏதோ ஓரிடத்தில் நேர்மையாக நிறுத்திய அளவுகள்.

உண்மையான ஏற்றம் கடைசியில், பி.எச். ஏழரைக்கும் பத்துக்கும் இடையில் இருக்கிறது. சமான புள்ளி 8.7. அமிலம் முழுவதும் தீர்ந்தபின் குடுவையில் மிஞ்சும் அசிட்டேட் அயனி நீரிலிருந்து ஒரு புரோட்டானை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடை விடுவிப்பதால் கரைசல் காரத்தன்மை கொள்கிறது. பினாப்தலீனின் எல்லை அந்த ஏற்றத்துக்குள் விழுகிறது. அட்டவணையின் இரண்டாம் வரிக்கு அது மட்டுமே காரணம். அம்மோனியாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம் பார்த்தால் சமான புள்ளி 5.3-க்கு இறங்கிவிடும், அங்கே பினாப்தலீன் முந்திக்கொண்டு நிறமிழந்து ஏமாற்றும், மெத்தில் சிவப்பு சரியாக வரும்.

இதைவிடக் கனமான குற்றம் ஒன்று இருக்கிறது. இத்தனையும் தெரிந்த பிறகும் சில ஆண்டுகள் அதே அட்டவணையை, அதே "பி.எச். 7" விளக்கத்தோடு நடத்தினேன். முந்தைய வகுப்புகளுக்குத் தவறாகச் சொன்னது வெளியே தெரிந்துவிடுமே என்ற பயம். அறியாமை முதல் ஆண்டுகளுக்குச் சமாதானமாகலாம். இந்த ஆண்டுகளுக்கு எதுவும் ஆகாது.

என்னிடம் படித்தவர்கள் இப்போது மருந்துத் தொழிற்சாலைகளிலும் குடிநீர்ப் பரிசோதனைக் கூடங்களிலும் பியூரெட் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். நடுநிலையாக்கல் எப்போதும் 7-இல் முடியும் என்று நான் சொன்னது தவறு. உங்கள் ரெக்கார்டு நோட்டில் அசிட்டிக் அமிலத்துக்கு நேராக இருக்கும் அளவு நான் எழுதவைத்தது. நீங்கள் கண்டது அல்ல. எங்கே நிறுத்துவது என்று கேட்ட அந்த மாணவியிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன். அந்த நிறங்காட்டியில் நிறுத்துவதற்கு ஓர் இடமே இல்லை, அம்மா.