டிராக்கோனியனுக்குத் தமிழில் என்ன?

நூம்பலில் எங்கள் தெருப் பையன், ப்ளஸ் டூ படிக்கிறான், இங்கிலீஷ் பேப்பரோடு வந்து நின்றான். ‘அங்கிள், டிராக்கோனியன் லா-ன்னு போட்டிருக்காங்க. டிராகன் மாதிரி பயங்கரமானதா?’

ரொம்பத் தப்பில்லை. கிரேக்கத்தில் அந்தப் பெயருக்குப் பாம்பு என்று அர்த்தம். ஆனால் டிராக்கோ மனுஷன்தான். கி.மு. 621 வாக்கில் ஏதென்ஸுக்கு முதன்முதலாகச் சட்டத்தை எழுத்தில் கொடுத்தவர். அதுவரை பெரிய வீட்டுக்காரர்கள் வாய்க்கு வந்ததுதான் சட்டம். நல்ல காரியம் என்கிறீர்களா? இருங்கள். கொலை செய்தாலும் மரணம், தோட்டத்தில் காய்கறி திருடினாலும் மரணம். ஏனய்யா இப்படி என்று கேட்டதற்கு, ‘சின்னக் குற்றத்துக்கே இது தகும், பெரிசுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடைக்கவில்லை’ என்றாராம். புளூடார்க் சொல்லும் கதை. பின்னால் வந்த சோலன், கொலை பற்றிய சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாக்கியைத் தூக்கிவிட்டார்.

‘சரி அங்கிள், தமிழ்ல?’

கொடுங்கோன்மை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ‘கொடு’ என்றால் வளைந்தது. கொடுவாள் அப்படித்தான். கொடுங்கோல் என்பது ஆளுக்கேற்ப வளைகிற கோல். திருக்குறளில் 55-வது அதிகாரம் செங்கோன்மை, 56 கொடுங்கோன்மை. நேர் எதிர். டிராக்கோவின் கோல் வளையவே இல்லையே! எல்லாக் குற்றத்துக்கும் ஒரே கோடு. சிக்கலே அதுதான்.

அதிக தூரம் போக வேண்டாம், எங்கள் பக்கத்துப் பூந்தமல்லியையே பாருங்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்த தடா கோர்ட் அங்கேதான். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியாகச் செல்லும் என்றது தடா. சாதாரணச் சட்டத்தில் செல்லாது. 1998 ஜனவரி 28-ல் தீர்ப்பு. குற்றவாளிக் கூண்டில் 26 பேர். 26 பேருக்கும் தூக்கு.

நடந்தது மகா பாதகம், சந்தேகமில்லை. ஆனால் 26 பேரின் பங்கும் ஒரே எடையா? 1999 மே மாதம் சுப்ரீம் கோர்ட், தடா குற்றம் இதில் இல்லை என்றது. நாலு பேருக்குத் தூக்கை உறுதி செய்து, மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்து, மீதி 19 பேரை வெளியே விட்டது. அந்த நாலு பேருக்கும் தூக்கு நடக்கவில்லை. அந்த ஏழு பேரும் 2022-ல் விடுதலை.

அந்தப் பத்தொன்பது பேரும் பதினைந்து மாதம் தூக்குக் கைதிகள். அதை எந்த வார்த்தையில் சொல்வது?

பையனுக்கு இப்போதைக்கு ‘ஈவிரக்கமற்ற’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கே திருப்தியில்லை. உங்களிடம் நல்லதாக ஒன்று இருந்தால் எழுதுங்கள்.